கியூஆர் கோடு அனுப்புவதற்கு முன்னால்

போன வாரம் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் அனுப்பியிருந்தான். ஊரில் சின்னதாக நூலகம் ஆரம்பிக்கிறார்களாம், அலமாரி வாங்கப் பணம் வேண்டும், கீழே கியூஆர் கோடு. நல்ல காரியம்தான். ஆனால் மேலே தள்ளிப் பார்த்தால் அதற்கு முன்னால் அவன் எனக்கு அனுப்பியது ஒரு பொங்கல் வாழ்த்துப் படம், அதற்கும் முன்னால் இன்னொரு பொங்கல் வாழ்த்துப் படம். நான் பணம் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருந்தது இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது, ஏனென்றால் 2019-இல் நானும் இதையேதான் செய்தேன்.

எங்கள் ஊர் மதுரை மாவட்டத்தில் மேலூர் பக்கம். மேலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கடையை என் உடன்பிறந்த தம்பியிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்து, பழைய சாவடியில் நானும் இரண்டு தோழிகளும் பிள்ளைகளுக்குப் படிப்பகம் நடத்துகிறோம். முப்பது நாற்பது பிள்ளைகள் வருவார்கள். 2019 மழையில் கூரைத் தகரம் ஒழுக ஆரம்பித்தபோது, 60,000 ரூபாய் தேவை என்று ஒரு போஸ்டர் செய்து பதினோரு குரூப்பில் போட்டேன். வந்தது 3,350 ரூபாய். அதில் 2,000 என் தாய்மாமா போட்டது. 2023-இல் அதே படிப்பகத்துக்குக் கழிப்பறை கட்ட 1,80,000 கேட்டோம், ஒன்பது நாளில் வந்துவிட்டது. இடையில் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு நான்கு வருடம் ஆகாது, எங்களுக்குக் கொரோனாவிலேயே பாதி போனது, ஒழுங்காகச் செய்தால் ஆறிலிருந்து எட்டு மாதம் போதும்.

நம் பக்கத்தில் யாரும் சொல்லித் தராமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஊரில் எந்த வீட்டுக் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் தலைகாட்டாதவர் தன் வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் போட்டால் இலை நிறையாது. செல்போனைக் கையில் எடுத்ததும் இது மட்டும் நமக்கு மறந்துவிடுகிறது, முதல் நாளே பத்திரிகை வைக்கப் போய்விடுகிறோம்.

யாரிடம் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பாலோயர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஆட்களைப் பாருங்கள். ஊரை விட்டுப் போனவர்கள் யார் யார்? திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவர்கள், சென்னையில் இருப்பவர்கள், சிங்கப்பூர், துபாய் போனவர்கள். உசிலம்பட்டிப் பக்கம் என்றால் ஆந்திரா, மகாராஷ்டிரா என்று போய் முறுக்குக் கம்பெனி போட்டவர்கள் நிறையப் பேர். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார், டீச்சர். அப்புறம் நீங்கள் செய்கிற அதே வேலையை மதுரையில் வேறு மூலையில் செய்துகொண்டிருப்பவர்கள், இவர்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள், போட்டி என்று நினைத்து. எங்களுக்குத் தகரம் போடும் ஆளையே அப்படி ஒரு நண்பர்தான் காட்டினார்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளை, என்ன வேலை, ஊருக்கு எப்போது வருவார், எதில் இருக்கிறார் என்று எழுதுங்கள். எதில் என்பது முக்கியம். எங்கள் ஊரைப் பொறுத்தவரை நாற்பது தாண்டியவர்கள் பேஸ்புக்கில்தான் மனதில் இருப்பதை எழுதுகிறார்கள், இளவட்டம் இன்ஸ்டாகிராமில், வாட்ஸ்அப்பில் எல்லோரும் இருக்கிறார்கள் ஆனால் பாதிப் பேர் ஸ்டேட்டஸ் பார்ப்பதோடு சரி. எங்கள் நோட்டில் முதலில் 46 பேர் தேறினார்கள். கூப்பிட்டால் போனை எடுக்கிற 46 பேர் என்பது பெரிய கூட்டம், குறைவு என்று நினைக்க வேண்டாம்.

முதல் மூன்று மாதம் போய் வருவது மட்டும்தான்

இந்த மூன்று மாதத்தில் உங்கள் தேவையைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. மற்றவர்கள் பக்கத்துக்குப் போவது, படிப்பது, பேசுவது, அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும், செய்யும்போதுதான் தெரியும் நாம் யாருடைய பதிவையும் முழுதாகப் படிப்பதே இல்லை என்று.

ஒன்றைச் சொல்கிறேன். திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கிற எங்கள் ஊர் அண்ணன் ஒருவர், 2021 மழையில் நம் கண்மாய் நிரம்பி மறுகால் போகிற போட்டோவை யாரிடமோ வாங்கி பேஸ்புக்கில் போட்டிருந்தார். கீழே வழக்கம்போல "சூப்பர் அண்ணே", "செம", கைகூப்பும் பொம்மை, நெருப்புப் பொம்மை. நான் மறுநாள் காலையில் கரைக்குப் போனேன், எப்படியும் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். கலுங்கில், அதாவது நிரம்பிய தண்ணீர் வெளியேறுகிற இடத்தில், தண்ணீர் விழுகிற சத்தத்தோடு இருபது நொடி வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு எழுதினேன்: "அண்ணே, இது தெற்குக் கலுங்கு. முந்தாநாள் ராத்திரி பதினோரு மணிக்கு மறுகால் எடுத்ததாம். உங்க வீட்டு வயலுக்கு எந்த மடைத் தண்ணி?"

அன்று இரவு பத்து மணிக்கு அவரிடமிருந்து நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவருடைய அப்பா நீர்பாய்ச்சியாக, ஊர் வயல்களுக்கு மடை திறந்து தண்ணீர் விடுகிறவராக இருந்தவராம். மழைக்காலத்தில் ராத்திரி ராத்திரியாக மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடையிலேயே கிடப்பார், இவர் ஏழு வயதில் தூக்குவாளியில் கடுங்காப்பி கொண்டு போய்க் கொடுப்பார், இப்போது திருப்பூரில் மழை பெய்தால் தூக்கம் வருவதில்லை என்றார். பேசும்போது இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டார். அந்த இடங்களில் பின்னால் ஓடுகிற தையல் மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவர் அப்பா நீர்பாய்ச்சி என்பது எனக்கு அன்றுவரை தெரியாது, ஒரே தெருவில் வளர்ந்திருக்கிறோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் அவருக்குத்தான் தெரியும், அதனால்தான் அவர் பேசினார். பதிவுக்குக் கீழே எழுதும்போது இதை யோசியுங்கள்: இந்த ஆளைத் தவிர வேறு யாருக்கும் எழுத முடியாத வரியாக இருக்கிறதா? "சூப்பர்" என்பதை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், அதனால்தான் அது யாருக்கும் போய்ச் சேருவதில்லை.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், மூன்று பேர் அல்லது நான்கு பேர். அதற்கு மேல் போனால் கடமைக்குச் செய்கிற மாதிரி ஆகிவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், ஆனால் அதற்குக் கொடுக்கிற பதில் நேரடியாக அவருடைய சாட்டில் போய் உட்காரும், புதிதாகப் பேச்சு ஆரம்பிக்க அதைவிட லேசான வழி கிடையாது. வயதானவர்களுக்கு எழுதாதீர்கள், வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், உங்கள் குரலைக் கேட்டதும் "நம்ம இன்னார் மகதானே" என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவருக்கு அதே மாதிரி பதில் போட்டால் போதும், அங்கே மொழிப்பற்றைக் காட்டி அவரைக் கூச்சப்பட வைக்க வேண்டாம். நேரத்தையும் பாருங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், நாம் ராத்திரி பத்து மணிக்கு அனுப்பினால் அங்கே பன்னிரண்டரை. திருப்பூர்க்காரர்களுக்கு ஞாயிறு மதியம் நல்ல நேரம்.

கூப்பிடுகிற முறை பற்றியும் சொல்ல வேண்டும். ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருக்கிறது, அண்ணன், மதினி, மாமா, சித்தப்பா, அப்பத்தா. நேரில் மாமா என்று கூப்பிடுபவரை இன்ஸ்டாகிராமில் "ப்ரோ" என்று ஆரம்பித்தால் அந்த மனிதருக்கு ஒட்டாது. முறை தெரியாவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள், அம்மாவுக்குத் தெரியும், கூடவே அந்தக் குடும்பத்தின் பாதிக் கதையும் கிடைக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியர் எண்பது வயதானாலும் சார்தான், டீச்சர்தான்.

பெண்கள் இந்த வேலையைச் செய்யும்போது தனிச் செய்தியில் ஆரம்பிக்காதீர்கள் என்பேன். முதலில் எல்லோரும் பார்க்கிற இடத்தில், பதிவுக்குக் கீழே பேசுங்கள். படிப்பகத்துக்கென்று ஒரு தனி எண் வைத்துக்கொண்டோம், அந்த போன் மூன்று பேரிடமும் மாறி மாறி இருக்கும், அது எல்லோருக்கும் தெரியும். பதினோரு மணிக்கு "தூங்கலையா" என்று வருகிற செய்திக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் எந்த நல்ல காரியத்துக்கும் கிடையாது. அப்படிப்பட்டவரை நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள், அவர் எவ்வளவு பெரிய கை என்றாலும்.

கெட்டதுக்குப் போவது

நல்லதுக்கு அழைத்தால் போகணும், கெட்டதுக்கு அழைக்காமலே போகணும் என்பார்கள். ஆன்லைனில் இதை நாம் தலைகீழாகச் செய்கிறோம். பிறந்த நாளுக்கு நூறு பேர் கேக் பொம்மை போடுகிறோம். குரூப்பில் கண்ணீர் அஞ்சலிப் படம் வந்தால் எண்பது பேர் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்த அரை மணி நேரத்தில் கிரிக்கெட் பேசுகிறோம். இறந்தவருடைய மகள் அந்தக் குரூப்பில்தான் இருக்கிறாள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

பொம்மை போடாதீர்கள். போன் செய்யுங்கள், எடுக்காவிட்டால் இறந்தவரைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஒரு விஷயத்தை எழுதி அனுப்புங்கள். "உங்க அம்மா எங்க கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வரும்போதெல்லாம் ஒரு கை கடலை கொடுத்துட்டுத்தான் போவாங்க" என்று நான் ஒருமுறை எழுதினேன், அந்த அக்கா அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் அண்ணனுக்கும் தம்பிக்கும் அனுப்பியதாக ஒரு வருடம் கழித்துச் சொன்னார். பக்கத்து ஊர் என்றால் நேரில் போய்விடுங்கள். பதினாறாம் நாள் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் கிளம்பி, வீடு வெறிச்சென்று இருக்கிற நேரத்தில் இன்னொரு முறை பேசுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு ஆள் இல்லாததுதான் பெரிய கவலை. அம்மாவை மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், மகன் சிங்கப்பூரில் தவிக்கிறான் என்றால், போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அம்மாவின் முகத்தை வீடியோ காலில் காட்டுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், அரை நாள் கடையை மூடினால் போதும்.

ரத்தம் கேட்டு வருகிற செய்திகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்படியே ஃபார்வர்ட் செய்துவிடாதீர்கள். முதலில் அதில் இருக்கிற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இன்னும் தேவை இருக்கிறதா, எந்த வகை, எத்தனை யூனிட், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்குள் என்று கேட்டுத் தேதி, நேரம் போட்டு நீங்களே புதிதாக எழுதிப் பகிருங்கள். கிடைத்ததும் "கிடைத்துவிட்டது, நன்றி" என்று அதே இடங்களில் போடுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்தால் உங்கள் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தால் அது சரிபார்த்த செய்தி என்று மக்களுக்குத் தெரிந்துவிடும். 2024 நவம்பரில் அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததிலிருந்து, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதை ரத்து செய்யும் வரைக்கும், எங்கள் பக்கத்துக் குரூப்புகளில் செய்தி கொட்டிக்கொண்டே இருந்தது, எது நிஜம் எது புரளி என்று தெரியாது. ஊர்க்கூட்டம் எத்தனை மணிக்கு, எங்கே என்பதைக்கூட ஜனங்கள் முகம் தெரிந்த நான்கைந்து பேர் அனுப்பினால்தான் நம்பினார்கள். அந்த நான்கைந்து பேர் எல்லோருமே வருடக்கணக்காக மற்றவர்கள் வேலையை இழுத்துப் போட்டுச் செய்தவர்கள்.

நம் பக்கத்தில் என்ன போடுவது

தேவையைப் போடாதீர்கள், வேலையைப் போடுங்கள். "செவ்வாய்க்கிழமை, மழை, பதினேழு பேர்தான் வந்தார்கள், இன்று பின்னக் கணக்கு, தோசையை வைத்துச் சொல்லிக் கொடுத்தோம்" என்று இரண்டு வரி. வாரத்துக்கு இரண்டு முறை போதும், ஆனால் நிறுத்தக் கூடாது. பிள்ளைகள் முகத்தைப் பெற்றோரிடம் கேட்காமல் போடாதீர்கள். அழுக்குச் சட்டையோடு, வாடிய முகத்தோடு பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும். எங்கள் படங்களில் பெரும்பாலும் கைகள்தான் இருக்கும், நோட்டின் மேல் ஒரு கை, சாக்பீஸ் பிடித்த ஒரு கை.

எங்களுக்கு எல்லாவற்றையும் விட அதிகம் ஆட்களைக் கூட்டி வந்தது பழைய போட்டோக்கள். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வீட்டு மரப்பெட்டியில் 1994-ஆம் வருட ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோ இருந்தது, ஓரம் செல்லரித்துப் போயிருந்தது. கடையில் ஸ்கேன் செய்து போட்டு, "இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருப்பது யார்?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாளில் அறுபது எழுபது பேர் எழுதினார்கள். யார் எங்கே இருக்கிறார்கள், யார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், யார் யாரிடம் பிரம்படி வாங்கியது எல்லாம் வந்தது. அந்தப் பித்தான்காரர் இப்போது சென்னையில் டிரைவர், அவரே வந்து "நான்தான்" என்றார். இந்த இடத்தில் பலர் ஒரு தப்பு செய்கிறார்கள், லைக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த போட்டோவைத் தேடப் போய்விடுகிறார்கள். நாங்கள் எழுதிய ஒவ்வொருவருக்கும் அவர் இருக்கிற பகுதியை மட்டும் பெரிதாக்கி, தெளிவாக்கித் தனியாக அனுப்பினோம். நோட்டில் 46 பேர் 100 ஆனது அப்படித்தான்.

கோடையில் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடந்தால் நேரலை போடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் வழியில் நீர்மோர்ப் பந்தலில் நின்றால் அங்கிருந்து ஒரு வீடியோ. குலசாமி கோயில் கும்பிடு அன்று வர முடியாமல் போனவருக்காகச் சூடம் காட்டுவதை எடுத்து அனுப்புங்கள். வெளியூர்க்காரருக்கு நம்மால் கொடுக்க முடிந்தது இதெல்லாம்தான், இதற்கு ஈடாக அவரால் எங்கேயும் எதையும் வாங்க முடியாது.

மொய் நோட்டு வேண்டாம்

மேலே விசேஷ வீட்டை உதாரணம் சொன்னேன், ஆனால் ஒரு இடத்தில் அது பொருந்தாது. மொய்யில் நோட்டு இருக்கிறது, 500 செய்தவருக்கு 1,000 திரும்பச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் பேச்சு வரும். இந்த வேலையில் அந்தக் கணக்கை மனதுக்குள்கூட வைக்காதீர்கள். "அவருக்குப் பட்டா சிட்டா எடுத்துக் கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தோம், ஆனால் ஒரு ரூபாய் போடவில்லை" என்று நினைக்க ஆரம்பித்தால் உங்கள் குரலில் அது தெரிந்துவிடும். எங்கள் தொடர்பில் ஒரு அக்கா இருக்கிறார், மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம், இன்றுவரை பணமாக எதுவும் கொடுத்ததில்லை, முகூர்த்த நாளில் மல்லி விலை எகிறும்போதுகூட அவர் கையில் மிச்சம் நிற்காது. ஆனால் எங்கள் ஒவ்வொரு செய்தியையும் தன் வார்த்தையில் சொல்லி மார்க்கெட்டில் பத்துப் பேரிடம் கொண்டு சேர்க்கிறார். அவருக்கு நாங்கள் செய்கிற மரியாதையும் 10,000 கொடுத்தவருக்குச் செய்கிற மரியாதையும் ஒன்றுதான்.

கேட்கலாமா என்று எப்படித் தெரியும்

ஒரு சோதனை சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். நோட்டில் இருக்கிற அத்தனை பேரையும் சேர்த்து, தேவை எதுவும் இல்லாத ஒரு நல்ல செய்தியை அனுப்புங்கள். மறுநாள் அந்தச் செய்தியின் விவரத்தில் யார் யாருக்குச் சேர்ந்தது என்று பாருங்கள். எங்களுக்கு 2020-இல் 46-இல் 12 பேருக்குத்தான் சேர்ந்தது, அதாவது மீதி 34 பேர் போனில் நாங்கள் வெறும் நம்பர். 2022 கடைசியில் பட்டியலில் இருந்த 110 பேரில் 90-க்கு மேல் சேர்ந்தது. பாதிக்கு மேல் தாண்டாத வரைக்கும் கேட்காதீர்கள்.

இன்னொரு அடையாளம், அவர்களே "என்னம்மா தேவைப்படுது, சொல்லு" என்று கேட்பது. அப்போதும் பணத்தில் ஆரம்பிக்க வேண்டாம். யோசனை கேளுங்கள், பழைய கதைப் புத்தகம் கேளுங்கள், ஞாயிறு ஒரு மணி நேரம் போனில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர முடியுமா என்று கேளுங்கள். திருப்பூர் அண்ணனிடம் முதலில் நாங்கள் கேட்டது வெட்டிய பனியன் துணி, கரும்பலகை துடைக்க. ஒரு மூட்டை அனுப்பினார், இன்னும் தீரவில்லை.

நேரம் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் எல்லோருக்கும் பள்ளிக்கூடச் செலவு. வைகாசி, ஆவணி, தை என்றால் வாரத்துக்கு இரண்டு பத்திரிகை, மொய்யிலேயே கை காலியாகிவிடும். தீபாவளிக்கு முன்னால் கேட்கவே கூடாது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவரிடம் அந்த நாளில் கேட்காதீர்கள், கூட்டிப் போய் இடத்தைக் காட்டுங்கள். எங்கள் படிப்பகத்தில் கழிப்பறை இல்லாமல் ஆறாவது ஏழாவது படிக்கிற பெண் பிள்ளைகள் எட்டு மணிக்கே எழுந்து போய்விடுவார்கள், வந்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள். நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

கேட்கும்போது குரூப்பில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் பத்துப் பதினைந்து பேருக்கு ஒவ்வொருவராகப் போன். அப்புறம் தனித்தனியாக எழுதிய செய்தி, ஒரே செய்தியைத் தள்ளி விட்டால் மேலே "ஃபார்வர்டட்" என்று வந்து நிற்கும், அதைப் பார்த்ததும் மனசு மூடிக்கொள்ளும். நாங்கள் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

"மாமா, சாவடிக்குப் பின்னாடி கழிப்பறை கட்டுறோம். மொத்தம் 1,80,000 ஆகும், கொத்தனாரிடம் எழுதி வாங்கின கணக்கு கூட அனுப்பியிருக்கேன். கதவு ஒண்ணு 4,200, மூணு கதவு. உங்களால் முடிஞ்சா ஒரு கதவு போடுங்க. இப்ப தோதுப்படாதுன்னா ஒண்ணுமில்ல மாமா, கட்டி முடிச்சதும் வந்து பாருங்க."

"ஒன்றுமில்லை" என்று எழுதினால் அதை நிஜமாகவே நினைக்க வேண்டும். முடியாது என்றவருடைய ஸ்டேட்டஸுக்கு அடுத்த நாளும் பதில் போடுங்கள். அதைத்தான் அவர் கவனிப்பார். பாதித் தொகை இப்படிச் சேர்ந்த பிறகுதான் பொதுவில் போஸ்டர் போட்டோம், காலி உண்டியலில் முதல் காசு போட யாருக்கும் மனம் வராது.

பணம் வருகிற வழி

ஒருவருடைய சொந்த ஜிபே எண்ணில் வாங்குவதை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிறுத்துங்கள். குறைந்தது இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு எடுக்கிற மாதிரி கூட்டுக் கணக்கு. அறக்கட்டளையாகப் பதிவு செய்து 80ஜி என்கிற வருமான வரி அனுமதி வாங்கியிருந்தால் கொடுப்பவருக்கு வரிக்கழிவு உண்டு, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது, புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், அதற்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும், பாசத்தில் வாங்கிவிட்டு அப்புறம் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்வது நல்லது. அரசுப் பள்ளிக்கு என்றால் நீங்கள் கையில் வாங்கவே வேண்டாம், 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி திட்டத்தின் இணையதளத்தில் நேரடியாகக் கொடுக்கலாம்.

வந்த அன்றே ஒவ்வொருவருக்கும் தனியாக நன்றி, பெயர் சொல்லி. கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிக்கிற பழக்கம் நமக்கு உண்டு, இங்கே அதைச் செய்யாதீர்கள், 200 ரூபாய் போட்டவர் கூசிப்போவார். பெயர் போடலாமா என்று கேட்டு, தொகை இல்லாமல் அகர வரிசையில் போட்டோம். மொத்த வரவும் செலவும் மட்டும் பைசா சுத்தமாக, பில் போட்டோவோடு. மிச்சம் 1,140 ரூபாய் இருந்தது, பினாயிலும் வாளியும் வாங்கினோம், அந்த பில்லும் போட்டோம். அதற்கப்புறம் ஒரு வருடம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை இரண்டு வரி ஒரு வாரமும் நிற்கவில்லை.

திருமங்கலம் தம்பிக்கு நேற்று போன் செய்தேன். போஸ்டர் பற்றிப் பேசவில்லை. நூலகத்துக்கு எந்த இடம், யார் சாவி வைத்திருப்பார், பிள்ளைகள் என்ன புத்தகம் கேட்கிறார்கள் என்று கேட்டேன், முக்கால் மணி நேரம் பேசினான். அவனுடைய தாத்தா அந்தக் காலத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்கே பேப்பர் வாசித்துக் காட்டுவாராம். அந்த பெஞ்சு இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது, அதை ஒரு போட்டோ எடுத்துப் போடு, பணம் பற்றி ஒன்றும் எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன், எங்களிடம் இரண்டு பிரதியாக இருக்கிற புத்தகங்களை ஒரு பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.